ரோஜா ரெண்டு, நன்னாரி ஒண்ணு

போடுங்கள் மச்சான். இன்னும் ஒரு கை அள்ளிப் போடுங்கள். ஒன்றும் மிச்சம் வைக்காதீர்கள்.

ஜொஹரா வாயைத் திறக்கவில்லை. முக்காட்டின் ஓரத்தைப் பல்லால் கடித்தபடி கொல்லைப்புறத்து வாசற்படியில் நின்றிருந்தாள். புருஷனின் அண்ணன் மீரா சாகிபு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஐஸ் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்தார். பிளந்து அடுக்கிய ஐஸ் பாளங்களின் மேல், கல்யாண வீட்டில் பன்னீர் தெளிக்கிற தாராளத்தோடு கல்லுப்பை வீசிக்கொண்டிருந்தார்.

ஜப்பான்காரர்கள் மலாயாவைப் பிடித்திருந்தார்கள்; ஜொகூர் பாருவில் உப்பைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வமாகிவிட்ட காலம். தெப்ராவ் நீரிணையில் ஒரு வாளி கடல்தண்ணீர் மொண்டு வந்து, அதில்தான் ஜொஹரா மரவள்ளிக்கிழங்கை வேகவைத்தாள். ஜப்பான்காரர்களின் முகாம்களுக்குச் சாமான் பிடித்துக் கொடுக்கும் மீரா சாகிபுக்கு மட்டும் உப்பு மூட்டையாக வந்தது.

"பார்த்தியா புள்ளே, தம்பி கடையில இப்படித்தானே செய்வான்? பெருநாளைக்கு ஐஸ்கிரீம் சுத்துறப்ப ஐஸ் மேல உப்பாக் கொட்டுவானே! நான் கல்லாவுல இருந்து பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

"ஆமா மச்சான். கொட்டுவாக."

"உப்புப் போட்டாக் குளிரு கூடும்ல?"

"கூடும்."

சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. உப்புப் பட்ட ஐஸ் வெறிபிடித்துக் குளிரும். ஐஸ்கிரீம் வாளிக்கு அந்த வெறிதான் வேண்டும். பால் இறுகுவதற்குள் ஐஸ் தண்ணீராகிப் போனாலும் கவலையில்லை.

வழிக்கு ஐஸ் கொண்டுபோகிறவன் உப்பை அதன் பக்கத்திலேயே விடமாட்டான். கண்ணாடிப் புட்டி அந்தக் குளிரைத் தாங்காது. உள்ளே இருப்பது உறைந்து, வீங்கி, கண்ணாடியைப் பிளந்துவிடும். தப்பிப் பிழைக்கிற புட்டியும், ஐஸ் சீக்கிரமே தீர்ந்துபோய், சூட்டில் கிடந்து வேகும். இது அவள் புருஷன் சுப்ஹானுக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து அவர் பக்கத்தில் நின்று புட்டி கழுவிய ஜொஹராவுக்கும் தெரியும். கல்லாவில் உட்கார்ந்திருந்த அண்ணனுக்கு, உப்புக் கொட்டிய கை மட்டும்தான் கண்ணில் பட்டிருந்தது.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தையை அவள் நாக்கில் வைத்திருந்தாள். விழுங்கினாள். அது இனித்தபோது அவளுக்கே தன்மேல் கொஞ்சம் பயம் வந்தது.

"ஐஸைச் சுத்தி அடைச்சு வச்சிருக்க மரத்தூளை எடுத்துட்டா இன்னும் நாலு புட்டி பிடிக்கும்" என்று சொல்லிக்கொண்டே மீரா சாகிபு பாதி மரத்தூளை அள்ளி வெளியே கொட்டினார். பிறகு சாக்கைப் பிரித்தார். அதற்குள் இருந்தவை பீர் புட்டிகள்.

இதை மட்டும் அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. "மச்சான், அது அவுக சர்பத் பெட்டி. இதுவரைக்கும் அதுல ஹராமான வஸ்து வச்சதில்ல."

மீரா சாகிபு திரும்பாமலே சிரித்தார். "அல்லா மன்னிச்சுருவான் புள்ளே. குளுவாங் முகாம் கேப்டன் மன்னிக்க மாட்டான்."

அந்தச் சிரிப்பை அவள் வாங்கி வைத்துக்கொண்டாள், பிறகு திருப்பிக் கொடுப்பதற்காக.

அந்தப் பெட்டியை சுப்ஹான் தன் கையாலேயே செய்தார். உள்ளே துத்தநாகத் தகடு, வெளியே பலகை, இரண்டுக்கும் நடுவே இடித்து இறுக்கிய மரத்தூள். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் வீட்டுக்கு ஓர் ஆள் என்று கேட்டு வந்த மாதத்தில், ஒரு காலையில், மீரா சாகிபு தம்பியிடம் சொன்னார்: "ஸ்டேஷனுக்குப் பெரிய அதிகாரிங்க வர்றாங்களாம். குளிர்ச்சியா சர்பத் கேக்குறாங்க. பெட்டியோட ஒரு எட்டு போயிட்டு வந்துரு."

சுப்ஹான் போனார். சாயங்காலம் ரிக்ஷாவில் பெட்டி மட்டும் திரும்பி வந்தது. ஜொஹரா மூடியைத் திறந்தாள். மரத்தூளுக்கு நடுவில் ஐஸ் அப்படியே இருந்தது. அதைக் கட்டி வைத்த மனிதரை ரயிலேற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். அவர் கட்டின ஐஸ் இன்னும் கரைந்திருக்கவில்லை.

அன்றைக்கு மீரா சாகிபு மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். "வழியில போறவனையெல்லாம் பிடிச்சு ஏத்துற மாதிரி என் தம்பியையும் ஏத்திட்டானுகளே!" என்றார். ஜொஹரா தன் அழுகையை நிறுத்திவிட்டு, அந்தப் பெட்டியிலிருந்தே ஒரு துண்டு ஐஸ் போட்டு, அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

போன வெள்ளிக்கிழமைதான் உண்மை தெரிந்தது. மீரா சாகிபின் மனைவி ராவியத்து, மகன் காசிமின் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தபோது திடீரென்று கல்லின்மேல் தலையைச் சாய்த்து அழுது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். இரண்டு குடும்பமும் ஒரே கூரையின் கீழ் இருந்ததால் கணக்கில் ஒரே வீடு. பெயர் விழுந்தது காசிமுக்கு. மகனைக் காப்பாற்ற, தகப்பன் தன் தம்பியை சர்பத்தோடு அனுப்பி ஆள் காட்டிக் கொடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து ஜொஹராவை அரித்தது சுப்ஹான் போனதுகூட இல்லை. அந்தத் தண்ணீர்தான். மச்சான் ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, "நல்லா இரு புள்ளே" என்று தம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

மீரா சாகிபு புட்டிகளை அடுக்கி, மேலே இன்னொரு கை உப்பைத் தூவிப் பெட்டியை மூடினார். ஐஸ் பிளந்தபோது சிதறிய சில்லுகள் சாக்கின்மேல் கிடந்தன. ஜொஹரா அவற்றைக் கூட்டிப் பெருக்குவது போல ஒரு தகர வாளியில் அள்ளிக்கொண்டாள். அவர் கொட்டிய மரத்தூளையும் ஒன்று விடாமல் எடுத்துக்கொண்டாள்.

"சீக்கிரம் கெளம்பு. வழியில பெட்டியை நீதான் பார்த்துக்கணும். ஐஸோட வளர்ந்தவ நீ" என்றார் மீரா சாகிபு. நல்ல மனநிலையில் இருந்தார். "இன்னைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குக் குளிரக் குளிர பீரைக் கொண்டு போய் வச்சுட்டா, குளுவாங் முகாமுக்கு வேண்டிய அரிசி, காய்கறி, கோழி எல்லாம் இனிமே நம்ம கைவழியாத்தான். கேப்டன் வாக்கு குடுத்திருக்கான்."

"நான் கேட்டது ஞாபகம் இருக்கா மச்சான்? என்னை குளுவாங் ஸ்டேஷனுக்குப் பின்னால, காளியம்மா வீட்டுல இறக்கிவிடணும்."

காளியம்மா, காரோட்டி லெட்சுமணனின் அக்கா.

மீரா சாகிபு கையைத் துடைத்துக்கொண்டார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். "ஸ்டேஷன் பக்கம் எதுக்கு? அங்க ஒரே காய்ச்சலா இருக்காம். சந்தைக்கிட்ட இறக்கிவிடுறேன், அந்தப் பொம்பளையை அங்க வரச் சொல்லு."

ஜொஹரா சரி என்று தலையாட்டினாள். அந்தக் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முந்தாநாள் கரி மூட்டை இறக்க வந்த லெட்சுமணன் தயங்கித் தயங்கிச் சொன்ன சேதி அவளுக்குள் இருந்தது. குளுவாங் ரயில் ஷெட்டில் சயாமிலிருந்து கொண்டுவந்த காய்ச்சல்காரர்கள் சிலரை இறக்கிப் போட்டிருக்கிறார்களாம். கஞ்சி ஊற்றப் போன காளியம்மா பார்த்திருக்கிறாள். ஒருவன் எலும்பும் தோலுமாகத் தாடி மூடிக் கிடக்கிறான். கண்ணைத் திறப்பதில்லை. பேரைக் கேட்டால் சொல்வதில்லை. நாளெல்லாம் ஒரே பல்லவி: "ரோஜா ரெண்டு, நன்னாரி ஒண்ணு!"

சர்பத் கடையில் வேலை பார்த்தவன் எத்தனையோ பேர். நம்பாதே என்று ஜொஹரா தனக்குச் சொல்லிக்கொண்டாள். நம்பாமலேதான் அரிசிப் பானைக்கு அடியில் ஒளித்துவைத்திருந்த கடைசிப் பாகை எடுத்தாள். சுப்ஹான் திரும்பி வரும் நாளுக்கென்று வைத்திருந்தது. மூன்று சின்னப் புட்டி. ரோஜா இரண்டு. நன்னாரி ஒன்று. தகர வாளியில் ஐஸ் சில்லுக்கு நடுவே அவற்றை நிறுத்தி, ஈரத்துணி சுற்றி, வாளியைப் பிரம்புக்கூடைக்குள் இறக்கி, சுற்றிலும் மரத்தூளைக் குத்திக் குத்தி அடைத்தாள். ஒரு கல் உப்பு படவில்லை. மேலே வாழையிலை விரித்து அவித்த கிழங்கை அடுக்கினாள்.

ராவியத்து அடுக்களை வாசலில் வந்து நின்றாள். கூடையைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். அவளும் சர்பத் கடைக்கு வாழ்க்கைப்பட்டவள்தான்.

"உப்பு அவ்வளவு போடக் கூடாதேடி" என்றாள் மெல்ல.

"போடக் கூடாது ராத்தா."

"சொல்லலையா நீ?"

"நீங்க போய்ச் சொல்லுங்களேன். வெளியிலதான் நிக்கிறாக."

ராவியத்து வாசல்வரை போனாள். நின்றாள். திரும்பி வந்து, அடுப்பில் இல்லாத நெருப்பை ஊதத் தொடங்கினாள்.

*

"பின்னால கரியடுப்பு, அதுமேல சாஞ்சாப்புல ஐஸ் பெட்டி. இந்தக் காருக்கே காய்ச்சல் வந்துரும் லா, மொதலாளி" என்றான் லெட்சுமணன்.

பெட்ரோல் இல்லாத ஊரில் கார்கள் கரிப்புகையில் ஓடின. காரின் முதுகில் ஆளுயரத்துக்கு ஓர் இரும்பு உலை, அதற்குள் கனன்றுகொண்டிருக்கும் கரி. பக்கத்தில் நின்றாலே புருவம் தீயும்.

"பெட்டியை முன்னால என் பக்கத்துல வச்சுக்கலாம். நீங்க பின்னால உக்காருங்க" என்றான் மறுபடியும்.

"முன் சீட்டுல பெட்டியும் பின் சீட்டுல நானுமா? முகாம் வாசல்ல காவல்காரன் பெட்டிக்கு சலாம் வைப்பான், எனக்கு வைக்க மாட்டான். பேசாம ஓட்டு."

"சரிங்க. ஊருக்கெல்லாம் சோறாக்குற அடுப்பு, பீரை மட்டும் சும்மா விட்டுருமா என்ன?"

"ஓட்டுடான்னா!"

மீரா சாகிபு சுருட்டிய துருக்கித் தொப்பியைப் பிரித்துத் தலையில் வைத்து, முன் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தார். பின் சீட்டில் ஜொஹரா. கூடை அவள் இரண்டு பாதங்களுக்கும் நடுவில்.

ஸ்கூடாய் சோதனைச் சாவடியில் எல்லாரும் இறங்கி இடுப்பு வளையக் குனிந்தார்கள். ஜொஹராவும் குனிந்தாள். கேப்டனின் பெயரைச் சொன்னதும் சிப்பாய் பெட்டியைத் துப்பாக்கிக் கட்டையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அனுப்பிவிட்டான். மீரா சாகிபு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏறினார்.

"பார்த்தியா? பேரைச் சொன்னாலே போதும்."

போதும்தான். ஒரு பெயருக்குப் பதில் இன்னொரு பெயரைச் சொன்னாலும் போதும். ஜொஹரா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ரப்பர் மரங்கள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு ஒன்று பின்னால் ஓடின. பால் வெட்ட ஆளில்லாமல் பல தோட்டங்களில் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. எல்லாரும் எங்கே போனார்கள் என்று கேட்க வேண்டியதில்லை.

அவள் மனம் பெட்டிக்குள் இருந்தது. இப்போது உப்பு ஐஸைத் தின்னத் தொடங்கியிருக்கும். இப்போது புட்டியின்மேல் பனி பூக்கும். இப்போது உள்ளே நூல் நூலாக உறையும். ஒவ்வொரு கணத்தையும் அவள் கண்ணால் பார்ப்பதுபோல் அறிந்தாள். ஒருவனைப் பழிவாங்கக் கத்தி வேண்டும், விஷம் வேண்டும் என்று நினைத்திருந்தாள். சும்மா உட்கார்ந்திருந்தால் போதுமென்று யாரும் சொல்லித் தரவில்லை.

கூலாய் தாண்டி ஒரு திருப்பத்தில் பின்னாலிருந்து 'டப்' என்றது.

மீரா சாகிபு தலையைத் தாழ்த்திக்கொண்டார். "துப்பாக்கியா? டயரா?"

"டயர் இல்ல மொதலாளி. டயர்ல ஏது காத்து? புல்லைத்தானே திணிச்சு வச்சிருக்கோம்."

நிறுத்தி, மூடியைத் திறந்தார்கள். முகத்தில் அடித்த குளிரில் மீரா சாகிபு பூரித்துப்போனார். "பனி பூத்திருக்கு பாருடா! தம்பிகூட இந்த மாதிரிக் குளிர வச்சதில்ல." பிறகுதான் மூலையில் இருந்த புட்டியைப் பார்த்தார். கண்ணாடி இரண்டாகப் பிளந்து விழுந்து, உள்ளே இருந்த பீர் புட்டியின் வடிவத்திலேயே, உரித்த கிழங்குபோல வெள்ளையாக நின்றுகொண்டிருந்தது.

"அலமாக்!" என்றான் லெட்சுமணன்.

"ஒண்ணுதானே போச்சு. குளிரு கூடிப்போச்சு, அவ்வளவுதான். மூடு, மூடு, குளிரு போயிரும்."

மறுபடி கிளம்பினார்கள். மறுபடி 'டப்'. சிறிது தூரம் போய் இன்னொன்று. பிறகு அடுத்தடுத்து இரண்டு. ஒவ்வொரு சத்தத்துக்கும் மீரா சாகிபின் பிடரி ஒரு முறை துடித்தது. ஜொஹரா அந்தப் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாக அவள் பெயர் வைத்தாள். இது அவுக ஸ்டேஷனுக்கு நடந்த நடைக்கு. இது ரிக்ஷாவுக்கு. இது நான் கொடுத்த தண்ணீருக்கு.

சிம்பாங் ரெங்கத்தில் காரின் அடியிலிருந்து சாலையில் நீர் வழிந்துகொண்டு வந்தது. லெட்சுமணன் கேட்காமலே நிறுத்தினான். பெட்டிக்குள் ஐஸ் இல்லை. கண்ணாடிச் சில்லும் நுரையும் உப்புத்தண்ணீரும் கலங்கிக் கிடந்தன. உலைப் பக்கத்துப் பலகை சூடேறிப் புகை நாற்றம் அடித்தது. பிளக்காத நாலைந்து புட்டிகள் இருந்தன. மீரா சாகிபு ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். பிள்ளைக்குக் குளிக்க வார்க்கிற தண்ணீர் மாதிரி வெதுவெதுப்பு.

அவர் திரும்பி லெட்சுமணனின் கன்னத்தில் அறைந்தார்.

"உன் அடுப்புதான்டா காரணம்! கேப்டன்கிட்ட உன்னையே இழுத்துட்டுப் போறேன். நீயே பதில் சொல்லு. அவன் உன் தோலை உரிக்கட்டும்!"

லெட்சுமணன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். காலையிலேயே சொன்னேனே என்று அவன் சொல்லவில்லை. சம்பளம் வாங்குகிறவன் அதைச் சொல்ல முடியாது.

ஜொஹராவுக்கு வாயில் இருந்த இனிப்பு சட்டென்று கெட்டது. கணக்கில் இவன் இல்லை. தான் உட்கார்ந்து ரசித்த ஒவ்வொரு சத்தமும் இவன் கன்னத்தை நோக்கித்தான் வந்துகொண்டிருந்ததா? பெட்டியோடு போய்விட்டு வா என்று ஒருவரை அனுப்பியவருக்கும், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த தனக்கும் நடுவில் எவ்வளவு தூரம்? அதை அளந்து பார்க்க அவள் விரும்பவில்லை. காரைவிட்டு இறங்கினாள்.

"லெட்சுமணன் மேல தப்பில்ல, மச்சான். உப்புதான் காரணம்."

"என்ன?"

"உப்புப் போட்டா ஐஸ் சீக்கிரம் கரைஞ்சிரும். கரையுற வரைக்கும் கொல்லுற குளிரு. புட்டி தாங்காது. ஐஸ்கிரீமுக்குத்தான் அவுக உப்புப் போடுவாக. வழிக்குக் கொண்டு போறதுல ஒரு கல்லு போட மாட்டாக."

மீரா சாகிபு அவளை வெறித்தார். புரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "உனக்குத் தெரியுமா? காலையிலயே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"ஸ்டேஷன்ல என்ன நடக்கப் போகுதுன்னு உங்களுக்கும் தெரியும். நீங்களும் அவுககிட்டச் சொல்லலியே."

சாலையோரத்தில் ஒரு மாட்டு வண்டி அசைந்து போனது. மீரா சாகிபின் தொப்பிக்கு அடியிலிருந்து வியர்வை கோடாக இறங்கியது. "ராவியத்து சொன்னாளா?" என்றார். கை ஒருமுறை உயர்ந்தது. ஜொஹரா கண் இமைக்காமல் நின்றாள். கை தானாகக் கீழே இறங்கியது.

"எனக்கு ஒரே பிள்ளை" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு.

"எனக்கு அவுகளும் ஒருத்தர்தான்."

திரும்பிப் போக வழியில்லை. கேப்டன் காத்திருப்பான். போகாவிட்டால் வீட்டுக்கே வருவான். கார் மறுபடி கிளம்பியது. ஆயர் ஈத்தாமில் வலப்பக்கம் திரும்பியபோது லெட்சுமணன் கண்ணாடி வழியாக ஜொஹராவை ஒருமுறை பார்த்தான். கன்னத்தில் விரல்கள் பதிந்திருந்தன. அவள் தலை குனிந்தாள். "மன்னிச்சுக்கோ அண்ணே" என்றாள். இரைச்சலில் அவனுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

*

குளுவாங் ரயில் கேட் மூடியிருந்தது.

கேட்டுக்கு அந்தப் பக்கம், மேட்டின்மேல், முகாமின் கொடி தெரிந்தது. இந்தப் பக்கம் இடது கைப்புறமாக, தண்டவாளத்தை ஒட்டி, கரி படிந்த தகரக் கூரை போட்ட நீண்ட ஷெட். கேட்டருகே காவல் நின்ற ஜப்பானியச் சிப்பாய் காரை ஏற இறங்கப் பார்த்தான். மூன்று பேரும் இறங்கிக் குனிந்துவிட்டு ஏறி உட்கார்ந்தார்கள். சரக்கு ரயில் ஒன்று அவசரமில்லாமல் வந்துகொண்டிருந்தது.

ஏறும்போது ஜொஹராவின் கால் பட்டுக் கூடை சற்றுச் சாய்ந்தது. நிமிர்த்துவதற்காகக் கிழங்கையும் இலையையும் ஒதுக்கினாள். வாளியின் விளிம்பு தெரிந்தது. அதன்மேல் கொத்துக்கொத்தாக நீர்முத்துகள்.

முன் சீட்டிலிருந்து மீரா சாகிபு திரும்பினார். எதையோ சொல்லத்தான் திரும்பினார். அந்த முத்துகளைப் பார்த்ததும் சொல்ல வந்ததை மறந்தார்.

"அது என்ன?"

"சர்பத்."

"குளிர்ச்சியா இருக்கா?" சிப்பாய் பார்த்துக்கொண்டிருந்ததால் குரலை உயர்த்த முடியவில்லை. கையை மட்டும் சீட்டின் முதுகுக்கு மேலாக நீட்டி வாளியைத் தொட்டார். தொட்ட விரலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார். "ஐஸ் இன்னும் இருக்கு... யா அல்லா, இன்னும் இருக்கு. புள்ளே, இதை எங்கிட்டக் குடு. பீர் வழியில ஒடைஞ்சு போச்சு, இது எங்க கடை சர்பத்து, இந்த மாதிரி ஊர்ல கிடையாதுன்னு சொல்லி அவன் முன்னால வச்சிருவேன். தப்பிச்சிருவேன்."

"இது அவுகளுக்கு."

"எவுகளுக்கு?"

"அவுகளுக்கு."

மீரா சாகிபின் முகம் மாறியது. அவர் கண்கள் ஒரு கணம் ஷெட்டின் பக்கம் ஓடித் திரும்பின.

"தம்பி அங்க கெடக்கான்னு உனக்கு யாரு சொன்னா?"

கேட்டபிறகுதான் என்ன கேட்டோம் என்பது அவருக்கு உறைத்தது.

ஜொஹராவின் காதில் ரயிலின் இரைச்சல் கேட்கவில்லை. அது யார் என்று காளியம்மாவுக்குத் தெரியாது. லெட்சுமணனுக்குத் தெரியாது. தானும் நம்பாமல்தான் வந்தாள். இந்த ஒருவருக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. முகாமுக்கு வரப்போக இருந்தவர், பார்த்திருக்கிறார். தாடிக்குள் தம்பியின் முகத்தை அடையாளம் கண்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து, கைகழுவி, அவள் போட்ட சோற்றைத் தின்றிருக்கிறார்.

"எப்பப் பார்த்தீங்க?"

"நான் சொல்லக் கூடாதுன்னு இல்ல... அவன் பொழைக்க மாட்டான் புள்ளே. உனக்கு எதுக்கு இன்னொரு தடவை அந்த வேதனைன்னுதான்..." சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று தடுக்கி விழுந்தன. "இங்க பாரு. இதைக் குடு. கேப்டன் குளிர்ந்துட்டா, நானே கேக்குறேன். தம்பியை வீட்டுக்கு அனுப்புன்னு நானே கால்ல விழுந்து கேக்குறேன். சத்தியமா. உன் புருஷனுக்காகத்தான் கேக்குறேன்."

அவள் அதை நினைத்துப் பார்க்காமல் இல்லை. கேட்பாரா? கேட்டாலும் அவன் கொடுப்பானா? இவர் பேச்சை நம்பிச் சர்பத்தை அனுப்பிய கதை ஏற்கெனவே ஒருமுறை நடந்திருக்கிறது.

ரயிலின் கடைசிப் பெட்டி கடந்துபோனது. கேட்காரன் சக்கரத்தைச் சுற்றத் தொடங்கினான். திடீரென்று விழுந்த நிசப்தத்தில், ஷெட்டுப் பக்கமிருந்து, கீறல் விழுந்த குரல் ஒன்று, கடையில் கூட்டம் நெரியும்போது உள்ளே பார்த்துக் கூவுகிற அதே ராகத்தில், தேய்ந்து தேய்ந்து வந்தது. என்ன சொல்கிறது என்று தெளிவாகக் கேட்கவில்லை. ராகம் மட்டும்தான் வந்தது.

ஜொஹரா கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"புள்ளே!" மீரா சாகிபின் விரல்கள் கூடையின் பிடியைப் பற்றின. கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. பெட்டி மட்டும் திரும்பி வந்த நாளில் பார்த்த அதே நீர். "என்னைக் கொன்னுருவான். உன் காலைப் பிடிச்சுக் கேக்குறேன். ஒரே ஒரு புட்டி. நான் உன் மச்சான் இல்லியா?"

சுப்ஹானின் கடையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு மேசையிலிருந்து கேட்ட தம்ளர் வேறு மேசைக்குப் போகாது. எவ்வளவு பெரிய மனிதர் வந்து அவசரமென்று கேட்டாலும் சரி, கல்லாவில் இருக்கிற அண்ணனே கேட்டாலும் சரி.

அவள் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகக் கூடையிலிருந்து எடுத்துவிட்டாள். கோபத்தோடு இல்லை. ஒட்டிக்கொண்ட பிசினை எடுப்பதுபோல.

"இல்ல மச்சான்" என்றாள். "கேட்டவுக அங்க இருக்காக."